வெள்ளிச் சட்டையின் முதுகு

என் கையால் தைத்த வெள்ளிச் சட்டையோடுதான் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். வேட்டியும் துண்டும் போதும் என்று கிள்ளானில் அவருடைய பங்காளிகள் எல்லாரும் ஒரே பிடியாக நின்றார்கள். வேட்டியும் கட்டினோம், மேலே அந்தச் சட்டையையும் போட்டோம். நான் சொன்னால் சொன்னதுதான், அது அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். சட்டை என்று சொல்கிறேனே தவிர, அது கோட்டு மாதிரி முழங்கால் வரைக்கும் இறங்கும். வெள்ளி நிறத் துணி, மார்பெல்லாம் சமிக்கி, யானைக் காது மாதிரி காலர். சுடலையில் வேலை பார்க்கிறவர் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஐயா கூத்துல ராஜாவா?" என்று கேட்டார்.

"பாடகர்" என்றேன்.

நான் அழவில்லை. கிள்ளானில் அதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்கும் வேலை பார்த்தவர். சனிக்கிழமை வந்தால் பாடகர். கூட்டாளிகள் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருந்தார்கள். காப்பாரில் கல்யாணம், மேருவில் யாராவது வீட்டுப் பிறந்தநாள், ரப்பர் தோட்டத்துத் திருவிழாவில் சாமி ஊர்வலம் கிளம்பிய பிறகு கொஞ்ச நேரம் என்று பாடுவார்கள். பாடுவதெல்லாம் ஒரே ஒரு வெள்ளைக்காரக் கோஷ்டியின் பாட்டு. அந்தக் கோஷ்டியின் கதையை அவர் எனக்குச் சொன்ன அளவுக்குச் சாமி கதையைக்கூடச் சொன்னதில்லை.

சீமையில் ஏதோ ஒரு துறைமுக ஊராம். "அவங்களும் நம்மள மாதிரி மூட்டை தூக்கின பசங்கதான்" என்பார், சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்வது மாதிரி. நாலு பேர். சாதாரணச் சட்டை போட்டுப் பாடிய வரைக்கும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாள் பாடகர் கண்ணுக்கு மை தீட்டி, கன்னத்தில் மினுக்குப் பொடி பூசி, வெள்ளிச் சட்டையும் குதிகால் உயர்ந்த பூட்ஸும் போட்டுக்கொண்டு மேடை ஏறினாராம். அடுத்த வாரம் மற்ற மூன்று பேரும் மை தீட்டிக்கொண்டார்கள். அப்புறம் ரேடியோவைத் திருப்பினால் அவர்கள்தான். பிறகு நாகரிகம் மாறியது. கிழிந்த சட்டையில் ஊக்கு குத்திய பையன்கள் வந்தார்கள், மை தீட்டியவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பெரிய பெரிய மண்டபங்களில் பாடியவர்கள் கடற்கரை விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்குப் பாடினார்கள். சண்டை போட்டுப் பிரிந்தார்கள். ஒரே பெயரில் இரண்டு கோஷ்டிகள் ஊர் சுற்றின. ஒருவர் இறந்துபோனதும் மற்றவர்கள் மறுபடி சேர்ந்தார்கள். இன்னொருவர் இறந்தார். ஆள் போன இடத்தில் வேறு ஆளை நிறுத்தி, போன ஆளின் உடுப்பையே போட்டுவிட்டார்கள். "பேரும் உடுப்பும் இருந்தா போதும், கோஷ்டி சாகாது" என்பார் என் வீட்டுக்காரர். எனக்கு அப்போதே அது கேட்க நன்றாக இல்லை.

அவர்களுடைய பெரிய படம் ஒன்றை எங்கள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் நான் அந்தச் சட்டையைத் தைத்தேன். படத்தில் முன்பக்கம்தானே தெரியும்? முதுகை நானே கற்பனையாக வைத்தேன். காலர் பெரிதாகிப் போனதில் துணி குறைந்துவிட்டது. அதனால் காலருக்குக் கீழே பிறை மாதிரி ஓர் ஒட்டுப் போட்டேன். அவசரத்தில் பிறையின் இடது முனை கொஞ்சம் கோணிவிட்டது. யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

எனக்குத்தான் தெரிந்தது. அவர் பாடும்போதெல்லாம் நான் மேடைக்குப் பின்னால் சுடுதண்ணீரும் பவுடரும் வைத்துக்கொண்டு நிற்பேன். அவர் பாடி நான் முன்னால் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. நான் பார்த்ததெல்லாம் அந்த முதுகும் அந்தக் கோணல் முனையும்தான்.

அவர் போன பிறகு நான் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிட்டேன். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பழைய பிளாட். என் நாத்தனார் மகள் அதே பிளாட்டில் இரண்டு மாடி கீழே இருக்கிறாள். அலமாரியையும் தையல் மிஷினையும் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கல்யாண ரவிக்கை, நாட்டியப் பிள்ளைகளின் உடுப்பு, சில கோயில்களுக்கு அம்மன் பாவாடை, இவைதான் என் வேலை. இன்றைக்கும் யார் கையையும் நான் எதிர்பார்க்கிறதில்லை.

நாத்தனார் மகளுக்கு ஹோட்டல்களில் நிகழ்ச்சி நடத்தித் தரும் வேலை. போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், தோளில் ஒரு நீளப் பையைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அத்தே, அர்ஜன்ட் வேலை. மாட்டேன்னு சொல்லக்கூடாது."

"மாட்டேன். இப்ப விஷயத்தைச் சொல்லு."

"மாமா பாடுவாரே, அந்த வெள்ளைக்காரக் கோஷ்டி. அவங்க இங்க வந்திருக்காங்க. அம்பாங் ரோட்ல ஹோட்டல்ல நாளைக்கு ஷோ. பழைய பாடகர் செத்து வருஷமாச்சு. பழைய ஆள்ல டிரம்ஸ் அடிக்கிற தாத்தா ஒருத்தர்தான் பாக்கி. புதுப் பாடகர் ஒல்லி லா, பழையவர் சட்டை அவருக்குத் தொளதொளன்னு கிடக்கு. பிடிச்சுக் கொடுங்க."

பையின் ஜிப்பை இழுத்தாள். வெள்ளிச் சட்டை. துணி பழசாகிக் கறுத்திருந்தது, சமிக்கி பாதி உதிர்ந்திருந்தது. நான் வாங்கி மேசைமேல் குப்புறப் போட்டேன்.

காலருக்குக் கீழே பிறை மாதிரி ஓர் ஒட்டு.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு என்னை நானே தேற்றிக்கொண்டேன். அப்படி ஒரு காலரை வெட்டினால் எந்தத் தையற்காரிக்கும் அந்த இடத்தில்தான் துணி குறையும், எவளும் அங்கேதான் ஒட்டுப் போடுவாள். அது நியாயமான காரணம். விரலால் ஒட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனேன். இடது முனை கோணியிருந்தது.

"என்ன அத்தே, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்துட்டீங்க?"

"இந்தச் சட்டையை நான் எரிச்சாச்சு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. போகும்போது ஒன்று சொன்னாள்: "அந்த டிரம்ஸ் தாத்தா ரொம்ப கண்டிஷனா சொல்லி அனுப்பினாரு. முன்னாடி என்ன வேணும்னாலும் பண்ணலாமாம். முதுகை மட்டும் தொடக்கூடாதாம். அம்பது வருஷமா அவர் அந்த முதுகைப் பாத்துக்கிட்டுத்தான் அடிச்சாராம்."

முதுகைத் தொடாமல் பக்கவாட்டில் பிடிக்கலாம். ஓரத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பழைய ஊசித் துளைகள் வரிசை வரிசையாக இருந்தன. பாடகர் பருக்கப் பருக்க யாரோ தையலைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு வரிசை, முதல் வரிசை, அந்த மனிதரின் இளம் வயசு உடம்பு. அவள் எழுதி வைத்துவிட்டுப் போன புதுப் பாடகரின் அளவைப் பார்த்தேன். அதே அளவு. புதிதாகக் குறி போடவே வேண்டாம், அந்தத் துளைகளிலேயே ஊசி ஏற்றினால் போதும்.

ஆனால் ஊசியை எடுக்கக் கை வரவில்லை. இறந்தவர் துணியை இன்னொருவர் போட வேண்டும் என்றால், படையலில் வைத்து, போனவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுப்போம். என் மாமியாரின் சேலையைக்கூட நான் அப்படித்தான் எடுத்தேன். சீமையில் அந்த வழக்கம் இருக்காது. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காமல் இத்தனை ஊர் சுற்றியிருக்கிறது அந்தச் சட்டை. என் வீட்டுக்குள் வந்த பிறகு அப்படி விட முடியாது.

காலையில் பூக்கடைக்குப் போனேன். கடைக்காரி என்னை நன்றாக அறிந்தவள்.

"மாலை சாமிக்கா ஆன்டி, ஆளுக்கா?"

"ஆளுக்கு."

"இருக்கிற ஆளா, போன ஆளா?"

"போன ஆளு. வெள்ளைக்காரர்."

"ஐயையோ, எப்ப ஆன்டி பழக்கம்?" என்று கேட்டாள். முறைத்தேன். இரண்டு முழம் மல்லிகையைச் சேர்த்தே கட்டிக் கொடுத்தாள்.

அடுத்து முக்குச் சாப்பாட்டுக் கடை பாய். வெள்ளைக்காரருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன்.

"பொரிச்ச மீனும் கிழங்கும்மா. காரம் ஆகாது. எத்தனை பேரு வராங்க?"

"ஒருத்தர். வர மாட்டார்."

பாய் மீனைக் காரமில்லாமல் பொரித்துத் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். கருப்பு பீர் வேறு கடையில் வாங்கினேன், அது என் வீட்டுக்காரருக்கும் ஆகும்.

இரண்டு இலை போட்டேன். ஒன்று சுவரில் இருக்கும் என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால். இன்னொன்று அலமாரிக் கதவைத் திறந்து வைத்து அந்தப் பழைய படத்துக்கு முன்னால். நாலு முகத்திலும் வெள்ளைப் பூச்சு, மை, நட்சத்திரம். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. எது பாடகர் என்று நான் என் வீட்டுக்காரரை ஒருநாளும் கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. நான் துணிக்காரி, சட்டையைப் பார்ப்பேன். வெள்ளிச் சட்டை போட்டிருந்த முகத்தின் நெற்றியில் சந்தனம் வைத்தேன், தலைக்கு மேல் ஆணியடித்து மாலையைத் தொங்கவிட்டேன். சட்டையை மடித்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். "ஐயா, உங்க துணியை இன்னொரு பிள்ளை போடப்போகுது. சம்மதம் கொடுங்க" என்று தமிழில்தான் கேட்டேன்.

பிறகு இரண்டு இலையிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, வெளி நடைச் சுவரில் காக்காய்க்குத் தனித்தனியாக வைத்தேன். காக்காய் உடனே வந்தது. என் வீட்டுக்காரர் பங்கைத் தின்றது. பக்கத்துப் பங்கிடம் போனது, மீனைத் தலை சாய்த்துப் பார்த்தது, பின்னால் இரண்டு எட்டு வைத்துப் பறந்துபோனது. இன்னொன்று வந்து அப்படியே செய்தது. பொரித்த மீனை வேண்டாம் என்று சொல்லும் காக்காயை நான் பிரிக்பீல்ட்ஸில் பார்த்ததே இல்லை. பீரைக் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். வரவில்லை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. சம்மதம் கிடைத்ததா இல்லையா என்று தெரியாமலேயே உட்கார்ந்து தைத்தேன். பழைய துளைகளில் ஊசி தானாக இறங்கியது, நான் தள்ள வேண்டியிருக்கவில்லை.

முடிக்கும்போது படியில் சத்தம். நாத்தனார் மகள் முன்னால் வந்தாள், அவளுக்குப் பின்னால் ஒரு வயசான வெள்ளைக்காரர், கனத்த உடம்பு, மூச்சு வாங்கிக்கொண்டு. சட்டையைத் தானே வாங்கிக்கொள்ள வந்தாராம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் அலமாரியைப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்படியே நின்றுவிட்டார்.

நாத்தனார் மகள் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அலாமா" என்று வாயில் கை வைத்தாள். "அத்தே, மாலை போட்டிருக்கீங்களே, அது இவருதான்."

"இவரா? வெள்ளிச் சட்டை போட்டிருக்காரே."

அவரிடம் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், இவள் தமிழில் சொன்னாள். "படம் எடுத்த அன்னைக்கு விளையாட்டுக்கு மாத்திப் போட்டுக்கிட்டாங்களாம். ஒரே ஒரு நாள் இவர் அதைப் போட்டாராம். பாடகர் அந்தப் பக்கம் கடைசியில நிக்கிறவரு."

உயிரோடு இருக்கிற மனிதருக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, இலை போட்டிருக்கிறேன். காக்காய் ஏன் தொடவில்லை என்று அப்போது தெரிந்தது.

"பூ எதுக்குன்னு கேக்கிறாரு" என்றாள் இவள்.

"மரியாதைன்னு சொல்லு."

சொன்னாள். பெரியவரின் கண் கலங்கிவிட்டது. அவர் ஊரில்கூட யாரும் இப்படிச் செய்ததில்லை என்றாராம். சம்சாரம் போய்விட்டாள், பிள்ளை இல்லை, இத்தனை வருஷமும் எல்லாரும் பாடகரையே பார்த்தார்கள், பின்னால் உட்கார்ந்தவரை யார் பார்த்தார்கள் என்றாராம். பேசிக்கொண்டே இலைக்கு முன்னால் சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்தார். மீனைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். தனக்கென்று படைத்ததைத் தானே சாப்பிட்டார். நான் தடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் பாதி மீன் போய்விட்டது. கருப்பு பீரையும் குடித்து, மிக நன்றாக இருக்கிறது என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

சட்டையை எடுத்துக்கொண்டு அவர் காருக்கு இறங்கியதும் நான் நாத்தனார் மகள் கையைப் பிடித்தேன்.

"இந்தாளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் காரணம்."

"விடுங்க அத்தே, அவருக்கு என்ன தெரியும்?"

"எமனுக்குத் தெரியுமே."

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. காக்காய் ஒருவர் தலையில் தட்டிவிட்டால், அவர் போய்விட்டதாகச் சொந்தத்துக்குப் பொய்ச் சேதி அனுப்புவார்கள். கேட்டவர்கள் அழுவார்கள். அழுத பிறகுதான் உண்மையைச் சொல்வார்கள். அந்தக் கண்ணீரோடு கண்டம் கழிந்துவிடும். கண்ணீர் மட்டும் நிஜமாக இருக்க வேண்டும். இந்த மனிதருக்கு இந்த ஊரில் யார் அழுவார்கள்? அவர் ஊரிலேயே ஆள் இல்லை. படைத்தவள் நான், அப்படியானால் நான்தான் அழ வேண்டும். விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. கட்டின புருஷனுக்கு வராதது யாரோ ஒரு டிரம்ஸ்காரருக்கு எங்கிருந்து வரும்?

"நானும் ஷோவுக்கு வரேன்" என்றேன். "தையல் விட்டுப்போனா யாரு போடுறது?"

போகும் வழியில் காரில் இவள், "வேணும்னா ஒரு கிலோ வெங்காயம் வாங்கிக்கலாமா அத்தே?" என்று கேட்டாள்.

"உன் அம்மா மாதிரியே உனக்கும் வாய்" என்றேன்.

ஹோட்டலில் என்னை மேடைக்குப் பின்பக்கம், திரை ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். எனக்குப் பழகின இடம். கையில் ஊசி நூல். முன்னால் தலை நரைத்த கூட்டம், சீனர்கள், வெள்ளைக்காரர்கள், நம்மவர்கள், கன்னத்தில் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டு. டிரம்ஸ் பெரியவர் மையும் மினுக்கும் பூசி என் பக்கத்தில்தான் உயரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பாட்டுத் தொடங்கியது.

புதுப் பையனின் முகத்தை நான் பார்க்கவில்லை. வெள்ளிச் சட்டைதான் தெரிந்தது. கறுத்துப்போன துணி அந்த விளக்கில் புதுசாக இருந்தது. நான் முதுகைத் தொடவே இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் அந்தப் பழைய துளைகளில் பிடித்ததில் முதுகு மாறிவிட்டிருந்தது. பெரியவர் கடைசியாகப் பார்த்த பருத்த முதுகு இல்லை அது. அவர்கள் மூட்டை தூக்கிய காலத்து முதுகு. பையன் வாயைத் திறந்தான். ஒரு குரல் மேலே, மேலே போனது.

"இது இந்தப் பையன் குரல் இல்லை" என்று என் காதில் சொன்னாள் இவள். "உச்சத்துல வரது பழைய பாடகர் குரல். டேப்புல ஓடுது. யாருக்கும் சொல்லாதீங்க."

நான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். இறந்தவர் குரல், இறந்தவர் சட்டை, இறந்தவர் இளம் முதுகு. இதில் உயிரோடு இருப்பது எது?

அப்போதுதான் பெரியவரைப் பார்த்தேன். கை நின்றுவிட்டது. இரண்டு குச்சியும் காற்றில் நின்றன. ஆனால் டிரம்ஸ் சத்தம் நிற்கவில்லை. அதுவும் டேப்பில் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது, மேடையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பூச்சுக்கு உள்ளே அவர் முகம் சாம்பலாகப் போனது. அவர் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார், அது திரும்பப்போகிறது என்பது மாதிரி.

நானும் பார்த்தேன். காலருக்குக் கீழே கோணல் முனை. அதற்குக் கீழே வேர்வை பிறை மாதிரி பரவிக்கொண்டிருந்தது. கிள்ளானில், காப்பாரில், தோட்டத்துத் திடலில், சுடுதண்ணீரை வைத்துக்கொண்டு நின்றேனே, அதே இடத்தில் அதே வேர்வை. என் வீட்டுக்காரர் திரும்பி என்னிடம் தண்ணீர் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பவில்லை. பாட்டு முடிந்தால் திரும்புவார், எப்போதும் திரும்புவார். இனித் திரும்ப மாட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அழுதேன். சத்தம் போட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, எங்கள் ஊர்ப் பெண்கள் அழுகிற மாதிரியே அழுதேன். பாட்டுச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. நாத்தனார் மகள் என் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். நான் நிமிர்ந்தபோது பெரியவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட மூச்சு விட்டார். குச்சியைச் சரியாகப் பிடித்து அடித்தார். அந்த முதல் அடி தாளத்தில் விழவில்லை. டேப்பின் அடிக்கும் அவர் அடிக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி கேட்டது. அதனால்தான் அது அவர் கை என்று தெரிந்தது.

முடிந்த பிறகு அவர் மெல்ல வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"கை மரத்துப்போச்சாம் அத்தே. செத்துப்போன பாடகர் திரும்பிப் பாத்துக் கூப்பிடப் போறார்னு இருந்துச்சாம். அப்போ நீங்க அழுறதைப் பாத்தாராம். யாருக்காக அழுதீங்கன்னு கேக்கிறாரு."

"அவருக்காகன்னு சொல்லு" என்றேன். பொய் இல்லை. அவருக்காக அழத்தான் போனேன்.

மறுநாள் அவர் விமானம் ஏறிய பிறகு, ஏறிவிட்டார், நன்றாகத்தான் இருக்கிறார் என்று இவள் போன் பண்ணினாள். அதற்குப் பிறகுதான் நான் அலமாரியைத் திறந்தேன். படத்தில் அவர் நெற்றிச் சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தேன். ஆணியிலிருந்து மாலையைக் கழற்றினேன். வாடியிருந்தது. கடைசியில் நிற்கிறாரே, அந்தப் பாடகருக்கு மாற்றிப் போடலாமா என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன்.

போடவில்லை. அவர்தான் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறாரே. மாலையை என் வீட்டுக்காரர் படத்துக்குப் போட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன்.